தலை ஒருவருடையது, உடல் ஒருவருடையது

என்னை வேலைக்கு எடுத்தது என் தொண்டைக்காக. பேசாத படம் எடுக்கிற இடத்தில் தொண்டைக்கு என்ன வேலை என்று என் தங்கை சிரித்தாள். அந்த வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில், பெர்லினில் வேலை கிடைத்தால் எதற்கென்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

போர்க்காலத்தில் மூன்று வருஷம் பெர்லினின் சிலேசிய ரயில் நிலையத்தில், வண்டிகள் கிளம்புவதைக் கூவி அறிவிக்கிற வேலை பார்த்தேன். ஆண்களெல்லாம் போர்முனையில் இருந்ததால் எங்கள் தலையில் தொப்பியை மாட்டிவிட்டிருந்தார்கள். மூன்றாவது நடைமேடையில் நின்று நான் கூவினால் ஏழாவது நடைமேடையில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். ஆண்கள் திரும்பி வந்ததும், 'நன்றி' என்று அச்சடித்த ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் வைசன்ஸே பகுதியில் ஒரு படக் கம்பெனியில் தட்டச்சு வேலை. ஒருநாள் முற்றத்தில் நிலக்கரி வண்டிக்காரன் என் சைக்கிள் மேல் மூட்டையை இறக்கப் போனான். மாடி ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் போட்டேன். வண்டிக்காரனோடு குதிரையும் இரண்டடி பின்வாங்கியது. உள்ளே படம் பிடித்துக்கொண்டிருந்த இயக்குநர் டாக்டர் ஆக்டர்பெர்க் கதவைத் திறந்துகொண்டு வந்து, "யாரு அது?" என்றார். மறுநாளிலிருந்து நான் எண்ணுகிறவள்.

பேய்ப் படத்துக்கு எண்ணுகிறவள் வேண்டும். பேய் வருகிற காட்சியில் ஒரே படச்சுருள் காமிராவுக்குள் இரண்டு தடவை ஓடும். முதல் தடவை ஒன்றைப் பிடிப்பார்கள். லென்ஸை மூடிச் சுருளைப் பின்னால் சுற்றிவிட்டு, அதன் மேலேயே இன்னொன்றைப் பிடிப்பார்கள். முதல் தடவை கறுப்பாக விட்ட இடத்தில் இரண்டாவது தடவை பிடித்தது வந்து உட்காரும். இரண்டும் பொருந்த வேண்டுமானால், எந்த நொடியில் யார் என்ன செய்கிறார்கள் என்பது இரண்டு தடவையும் அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நான் ஒன்று முதல் அறுபது வரை எண்ணுவேன். என் எண்ணுக்கு மற்றவர்கள் ஆடுவார்கள்.

நாங்கள் எடுத்த படத்தில், தலை வெட்டப்பட்ட ஒரு நீதிபதி தன் பழைய நீதிமன்றத்துக்கே திரும்பி வருகிறார். வாசலில் வந்து நின்று அங்கியை விலக்குகிறார். கக்கத்தில் அவருடைய தலை இருக்கிறது. அந்தத் தலை கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்கிறது. ஒரு நிமிஷக் காட்சி. அந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் மொத்தப் படமும் இருந்தது. சுவரொட்டியைக்கூட முன்கூட்டியே அடித்துவிட்டார்கள்.

தலை, கொன்ஸ்டன்டின் வால்ரோடெயுடையது. நாடக மேடையில் பெரிய பெயர். அவர் இருமினாலே இரண்டாம் வரிசைப் பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். ஆனால் ஆள் குள்ளம், தொப்பை வேறு. பேயாக வருகிற நீதிபதிக்கு அந்த உடல் ஆகாது என்று டாக்டர் தீர்மானித்தார். உடலுக்கு எவால்ட் பீட்ஷ் கிடைத்தான். எதிர்த்தெரு உணவகத்தில் பரிமாறுகிறவன். ஆறடி மூன்றங்குலம். இடது கையில் எட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, ஒரு சொட்டு சூப் சிந்தாமல் மேஜைகளுக்கு நடுவே நடப்பான். பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்த டாக்டர் அந்தக் கையைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

காமிரா, ஆஸ்கர் பெனிஷுடையது. கம்பெனிக்குச் சொந்தமானதுதான், ஆனால் அவருடையது என்றுதான் சொல்ல வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு நொடிக்கு இரண்டு சுற்று என்று கையால் சுழற்றுவார். கணக்குத் தப்பாமலிருக்க ஒரு பட்டாள மெட்டை மூக்கால் பாடிக்கொண்டே சுழற்றுவார். பதினைந்து வருஷமாக அந்த மெட்டுத்தான் அவருக்குக் கடிகாரம். காமிராவின் பக்கவாட்டில், எத்தனை மீட்டர் சுருள் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற சின்ன முள் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்வார், உடனே மேலே கைக்குட்டையைப் போட்டு மூடிவிடுவார்.

செப்டம்பர் கடைசியில் இந்தக் காட்சியை முதல் தடவை பிடித்தோம். நீதிபதிக்கு இரத்தச் சிவப்பில் அங்கி தைத்திருந்தார்கள். டாக்டர் பிடிவாதமாகக் கேட்ட சிவப்பு. படச்சுருளுக்குச் சிவப்பு கண் தெரியாது, கறுப்பாகத்தான் விழும் என்று பெனிஷ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"நடிகர்களுக்கு உணர்ச்சி வரணும்ல, பெனிஷ்," என்றார் டாக்டர்.

"உணர்ச்சி வரும் டாக்டர். படம்தான் வராது."

மறுநாள் காலை திரையில் போட்டுப் பார்த்தோம். இரண்டு கைகளும் ஒரு வெள்ளைக் கழுத்துப்பட்டையும் காற்றில் மிதந்து வந்தன. பீட்ஷ் என் காதருகில் குனிந்து, "ஏற்கெனவே தலை இல்ல. இப்ப உடம்பும் போச்சு," என்றான்.

வெளிர்நீலத்தில் வேறு அங்கி தைக்க ஐந்து நாள் ஆயிற்று. அது படத்தில் சாம்பல் வெள்ளையாக விழும். நேரில் பார்த்தால் இராத்திரி உடுப்புப் போல இருந்தது.

இரண்டாவது தடவை பீட்ஷ் தும்மினான். அவன் தலைக்கு மேல் கறுப்பு வெல்வெட் பையை மாட்டி, பின்னால் கறுப்பு வெல்வெட் திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். தலை அந்தக் கறுப்பில் கரைந்துவிடும். பைக்குள்ளே கண் தெரியாது, காதும் பாதிதான் கேட்கும். ஆகவே நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும். முப்பதாவது எண் வரை நடை. முப்பதில் வாசலில் நிற்க வேண்டும். நாற்பத்தொன்றில் வலது கையால் அங்கியை விலக்க வேண்டும். முப்பத்தெட்டில் தும்மல் வந்தது. தலையில்லாத நீதிபதி தோளைக் குலுக்கிக்கொண்டு முன்னால் மடங்கினார்.

"வெல்வெட்டோட பஞ்சு மூக்குக்குள்ள போகுது," என்றான் பையைக் கழற்றிக்கொண்டே. "பேய்க்குத் தலையே இல்லன்றீங்க, அப்புறம் எனக்கு எதுக்குங்க மூக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாள் வெளிச்சம் போயிற்று.

மூன்றாவது தடவை உடல் சரியாக அமைந்தது. சுருளைப் பின்னால் சுற்றி, வால்ரோடெக்காகக் காத்திருந்தோம். கறுப்பு வெல்வெட் திரையில் ஒரு ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் முக்காலி வைத்திருந்தோம். ஓட்டை வழியாக அவர் தலையை மட்டும் நீட்ட வேண்டும். பீட்ஷின் கக்கம் எங்கே இருந்ததென்று காமிராவுக்குள் பார்க்கிற கண்ணாடியில் பெனிஷ் பென்சிலால் கோடு போட்டிருந்தார். தலை அந்தக் கோட்டுக்குள் அசையாமல் இருக்க வேண்டும். நாற்பது வரை அது இருட்டில் இருக்கும். நாற்பத்தொன்றில் அதன் மேல் வெளிச்சம் விழும். விளக்கை மறைத்திருக்கிற பலகையைத் தூக்குகிற வேலையையும் பீட்ஷிடமே கொடுத்திருந்தார்கள். அங்கியை விலக்கியவனுக்குத்தான் அந்த நொடி தெரியுமாம்.

வால்ரோடெ பதினோரு மணிக்கு வந்தார். ஓட்டையில் தலையை விட்டார். பெனிஷ் மெட்டை ஆரம்பித்தார், நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரை வந்திருப்பேன்.

"நிறுத்துங்க," என்றது தலை. "இந்தப் பட்டாள மெட்டை மூக்கால ஊதிக்கிட்டே இருந்தா நான் எப்படிய்யா செத்தவனா இருக்கிறது?"

"அது கைக்குத் தாளம் சார்," என்றார் பெனிஷ்.

"மனசுக்குள்ள பாடுங்க. அந்தப் பொண்ணு வேற ரயில் பிடிக்கிற மாதிரி கத்துது. அதையாவது ஏதோ பொறுத்துக்கிறேன்."

பெனிஷ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். பெனிஷ் உதட்டை இறுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் சுழற்றினார். தலை மூன்று வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் முப்பது வார்த்தை சொல்லியது. பேசுகிற வேகத்தில் மேலும் கீழும் ஆடியது. மறுநாள் திரையில் பார்த்தபோது, நீதிபதியின் தலை கக்கத்திலிருந்து முழங்கைக்கு வழுக்கி, இடுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. தயாரிப்பாளர் எழுந்து வெளியே போய்விட்டார்.

முதல் மூன்று தடவையும் தவறு யார் யாருடையதென்று எல்லோருக்கும் தெரிந்தது. நான்காவது தடவைதான் பழி என் மேல் விழுந்தது.

அந்த நாள் எதுவும் பிசகவில்லை. பீட்ஷ் தும்மவில்லை. வால்ரோடெ மூன்றே வார்த்தை சொன்னார், கல்லைப் போல இருந்தார். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு போனோம். மறுநாள் காலை திரையில் நீதிபதி நடந்து வந்தார், நின்றார். அங்கியை இன்னும் விலக்கவில்லை. அதற்குள் மூடியிருந்த அங்கியின் மேலேயே தலை தோன்றிவிட்டது. முட்டைக்கோஸை ஊக்கு வைத்துக் குத்தினது போல இரண்டு நொடி அங்கே இருந்தது. அப்புறம்தான் நீதிபதி சாவகாசமாக அங்கியை விலக்கினார்.

"நாற்பத்தொண்ணு எப்படி ரெண்டு இடத்துல வரும்?" என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நான் கடிகாரம் பார்த்துத்தான் எண்ணினேன் டாக்டர்."

"கடிகாரம் தப்பு பண்ணாதும்மா."

பெனிஷ் எப்போதும் என்னை 'ஸ்டேஷனம்மா' என்று கூப்பிடுகிறவர். அன்று கூப்பிடவில்லை. புகைக்குழாயில் புகையிலையை அடைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது தடவையும் அதே மாதிரி தலை முந்திக்கொண்டது. இந்தத் தடவை இரண்டரை நொடி. எதிர்த்தெரு உணவகத்தில், சமையல்காரி என்னைக் கண்டதும் ஒன்று, இரண்டு, நான்கு என்று எண்ணிக்கொண்டே சாலட் தட்டை வைத்தாள். விஷயம் அதுவரைக்கும் போயிருந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகக் குத்திக் குத்திச் சாப்பிட்டேன். மூன்று வருஷம் ரயிலை அனுப்பியவள் நான். அரை நிமிஷம் தப்பியிருந்தால் ஒரு வண்டியும் இன்னொன்றும் எங்கேயோ மோதியிருக்கும். மோதியதில்லை. எண்ணத் தெரியாதவள் என்று இவர்கள் சொல்வதை வாங்கிக்கொண்டு, கறுப்புக் காபி என்ற பெயரில் சிக்கரித் தண்ணீரையும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பாவம் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். கடிகாரம் ஒன்றேதான். எண்ணியதும் ஒருத்திதான். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவது ஓட்டத்துக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்று. முதல் ஓட்டத்தில் மெட்டு இருந்தது. வால்ரோடெ வந்தபின் மெட்டு இல்லை. மெட்டில்லாமல் பெனிஷின் கை மெதுவாகிறது. நான் நாற்பத்தொன்று என்று சொல்லும்போது காமிராவுக்குள் முப்பத்தொன்பது நொடி அளவு சுருள்தான் ஓடியிருக்கிறது. தலை முந்தாமல் என்ன செய்யும்?

எழுந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன். பெனிஷ் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த முள் எவ்வளவு காட்டிச்சுன்னு எழுதி வச்சிருக்கீங்களா?"

"எந்த முள்?"

"சுருள் ஓடின அளவு. உடம்பு பிடிச்சப்ப பதினெட்டு மீட்டர் ஓடியிருக்கணும். தலை பிடிச்சப்பவும் பதினெட்டு ஓடியிருக்கணும். ஓடிச்சா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஸ்டேஷனம்மா, உங்க வேலை கத்துறது."

"பதினேழே கால்தான் ஓடியிருக்கும். நான் பந்தயம் கட்டுறேன்."

"நான் பேரரசரோட ஊர்வலத்தைப் பிடிச்சவன். அல்பேனியாவுல கழுதை மேல உட்கார்ந்துகிட்டே காமிரா சுத்தியிருக்கேன். என் கை தப்புன்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல."

"கழுதை சொல்லியிருக்காது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் கைக்குட்டையை எடுத்து முள்ளின் மேல் போட்டார். அதை இரண்டு தடவை சரிசெய்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டரிடம் போனேன். அவர் கேட்டார், உண்மையிலேயே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு, "இதை நான் பெனிஷ்கிட்டச் சொன்னா அவர் வேலையை விட்டுப் போயிடுவார். வால்ரோடெகிட்ட மெட்டைப் பத்திச் சொன்னா அவரும் போயிடுவார். நீங்க போனா எனக்கு இன்னொருத்தர் கிடைப்பாங்க. அதனால, அம்மா, நீங்க கொஞ்சம் கவனமா எண்ணுங்க," என்றார். குரலில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாசலுக்கு வந்து, மிதியடியை ஓர் உதை விட்டேன். அது கனமான மிதியடி. பெருவிரல்தான் வலித்தது.

ஆறாவது தடவைக்குத் தேதி குறித்தார்கள். இதுவும் தவறினால் காட்சியையே தூக்கிவிட்டு, தலையோடு வருகிற நீதிபதியாக மாற்றிவிடலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியனுப்பியிருந்தார். அன்று காலை பீட்ஷுக்குப் பையை மாட்டுவதற்கு முன்னால், அவனுடைய கழுத்துப்பட்டையை நான் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"எல்லாரும் உன்னைத் திட்டுறாங்க," என்றான். "எனக்கு அது பத்தி ஒண்ணும் தெரியல, ட்ரூடே. பைக்குள்ள போயிட்டா எனக்குக் கடிகாரமும் இல்ல, டாக்டரும் இல்ல. உன் குரல்தான். நீ நாற்பத்தொண்ணை நாளைக்குச் சொன்னா நாளைக்குத்தான் கையைத் தூக்குவேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. அவன் சொன்னது சரிதான். அங்கியை விலக்குகிறவனுக்குக் கடிகாரம் வேண்டாம். பலகையைத் தூக்குகிறவனுக்கு வேண்டாம். ஓட்டையில் தலையை விட்டு உட்கார்ந்திருக்கிற வால்ரோடெக்கும் வேண்டாம். எல்லோருக்கும் வேண்டியது நான் சொல்கிற எண் மட்டும்தான். அப்படியானால் நான் மட்டும் எதற்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்?

வழக்கமாகக் கடிகாரத்துக்குக் கீழே நிற்கிறவள், அன்று பெனிஷுக்கு வலதுபுறம் மூன்றடி பின்னால் போய் நின்றேன். அங்கிருந்து அவருடைய முழங்கை தெரியும். கை இரண்டு சுற்றுச் சுற்றினால் ஓர் எண். கை வேகமானால் நானும் வேகம். கை தளர்ந்தால் நானும் தளர்வேன். நொடி எப்படிப் போனால் எனக்கென்ன.

உடலைப் பிடித்தபோது மெட்டு இருந்தது. முழங்கை சீராகச் சுற்றியது, என் எண்ணும் சீராகவே போனது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சுருளைப் பின்னால் சுற்றினார்கள். வால்ரோடெ ஓட்டையில் தலையை விட்டார். மெட்டு நின்றது. பத்தாவது எண்ணுக்கெல்லாம் முழங்கை தயங்க ஆரம்பித்துவிட்டது. பார்க்கிறவர் யாருக்கும் தெரியாத தயக்கம். நான் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரிந்தது. இருபதுக்கு மேல் என் எண்கள் இழுபட்டன. முப்பதில் டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்து, வேகமாக என்று கையால் சைகை காட்டினார். நான் பார்க்காதவள் போல எண்ணினேன். பெனிஷின் முதுகு ஒருமுறை விறைத்தது. ஆனால் அவரால் திரும்ப முடியாது, கை சுற்றிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தொன்றைச் சொன்னேன். பலகை எழுந்தது, வெளிச்சம் விழுந்தது. அறுபது வரை சொல்லிவிட்டு, யார் வாயையும் திறப்பதற்குள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை திரையறையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். நீதிபதி வந்தார். நின்றார். வலது கை அங்கியைப் பிடித்து மெல்ல விலக்கியது. விலகிய இருட்டுக்குள் தலை இருந்தது. அது எத்தனையோ நாளாக அங்கேதான் இருந்தது போல இருந்தது. கண்ணைத் திறந்தது. எனக்கே முதுகில் சில்லிட்டது. இத்தனைக்கும் அந்தத் தலை முந்தின நாள் வேர்க்கடலை தின்றதை நான் பார்த்திருந்தேன்.

விளக்கைப் போட்டதும் டாக்டர் எழுந்து கைதட்டினார். வால்ரோடெயைக் கட்டிக்கொண்டார். பெனிஷின் தோளைத் தட்டினார். என்னிடம் வந்து, "பார்த்தீங்களா? கவனமா எண்ணினா வருது," என்றார்.

"ஆமாம் டாக்டர்," என்றேன்.

படம் டிசம்பரில் வெளியானது. குர்ஃபுர்ஸ்டெண்டாம் வீதியில் ஒரு பெரிய அரங்கு. எனக்கும் பீட்ஷுக்கும் பால்கனியில் இடம் கொடுத்திருந்தார்கள். பீட்ஷ் தனக்கு நிச்சயமாகியிருந்த ஹெர்மினேயையும் கூட்டி வந்திருந்தான். காட்சி வந்தபோது வாத்தியக்காரர்கள் சட்டென்று வாசிப்பதை நிறுத்தினார்கள். அங்கி விலகியது. கீழே ஒரு பெண் கத்தினாள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தடியான மனிதர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். போகவும் இல்லை, தொப்பியைக் கழற்றவும் இல்லை. படம் முடியும் வரை அப்படியே இருந்தார்.

வெளியே வந்ததும் ஹெர்மினே பீட்ஷின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சு. ஆனா கடைசி வரைக்கும் தேடிட்டேன். கோர்ட்டுக் கூட்டத்துல நீ எந்தப் பக்கம் நின்னே?" என்று கேட்டாள்.

பீட்ஷ் என்னைப் பார்த்தான். "ஓரமா நின்னேன்," என்றான்.

இரண்டு நாள் கழித்து அவனே பத்திரிகையைக் கொண்டு வந்தான். உணவகத்தில் கூட்டமில்லாத நேரம். தட்டுகளைத் துடைத்துக்கொண்டே சத்தமாகப் படித்தான். வால்ரோடெ அவர்கள் தலை இல்லாமலே தோள்களாலும் நடையாலும் மரணத்தின் கம்பீரத்தைக் காட்டியிருக்கிறார் என்று எழுதியிருந்தது. எந்த இயந்திரத் தந்திரமும் இதற்கு ஈடாகாது, இது ஒரு மகா நடிகரின் உடல் பேசிய மொழி என்று முடிந்திருந்தது.

"என் தோளு," என்றான் பீட்ஷ். "மூணாம் மேஜைக்குப் பியர் கொண்டுபோற தோளு." பத்திரிகையை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு அடியில் செருகினான். மேஜை ஆட்டம் நின்றது.

அவனால் அதோடு விட முடிந்தது. என்னால் முடியவில்லை. அன்று மதியமே பெனிஷைத் தேடிப் போனேன். கண்ணாடிக் கூரைக்குக் கீழே, வெளிச்சம் போதாமல் படப்பிடிப்பு நின்றிருந்தது. அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறாவது தடவை நான் கடிகாரத்தைப் பார்க்கல," என்றேன். "உங்க முழங்கையைப் பார்த்து எண்ணினேன்."

அவர் மென்று விழுங்கினார். "தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"இருபத்தஞ்சு சொன்னீங்களே, அப்ப. ரயில்ல வேலை பார்த்த பொண்ணு எண்ணை இழுக்காது. இழுக்குதுன்னா என் கை இழுக்குதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடியே சந்தேகம்தான். நாலாவது தடவை முள் பதினேழே கால்ல நின்னுச்சு."

"நாலாவது தடவையேவா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லல? மூணு வாரம் என்னை எண்ணத் தெரியாதவள்னு ஊரே சொல்லுச்சு. சமையல்காரி வரைக்கும் சொல்லுச்சு."

"என்ன சொல்லச் சொல்றீங்க? கை தடுமாறுதுன்னு சொன்னா காமிராவைப் பிடுங்கி வேற ஒருத்தன்கிட்டக் கொடுத்துடுவாங்க. எனக்கு நாற்பத்தெட்டு வயசு." ரொட்டியைத் தாளில் சுற்றினார். "உங்களுக்கு என்ன, சின்ன வயசு. திட்டினா உதிர்ந்துடும்."

அவர் மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வேலை பறிபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நன்றி என்று அச்சடித்த காகிதம் இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. ஆனால் வந்தது இரக்கமில்லை. கோபம் முன்பைவிடக் கூடித்தான் போயிற்று. தெரியாமல் பழி போட்டிருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

"எனக்கு உதிரல," என்றேன். "டாக்டர்கிட்டப் போய் நீங்களே சொல்லுங்க. கையைப் பத்திச் சொல்ல வேண்டாம். என் எண்ணிக்கையில தப்பு இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"சொன்னா ஏன், எப்படின்னு கேட்பாரு."

"கேட்கட்டும்."

அவர் போகவில்லை. எட்டு நாள் நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் வேலை பார்த்துக்கொண்டு பேசாமலிருப்பது எவ்வளவு சிரமம் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உப்பு டப்பாவைக்கூடப் பீட்ஷ் மூலமாகக் கேட்டோம்.

ஜனவரியில் அடுத்த பேய்ப் படம். கப்பல் உடைந்து செத்த ஐந்து மாலுமிகள் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஐந்து பேரும் ஒரே நடிகர். ஐந்து தடவை ஓட வேண்டும். யார் யார் வேண்டும் என்று டாக்டர் பட்டியல் போட்டபோது, எண்ணுவதற்கு இசைக்குழுவிலிருந்து ஒரு முரசுக்காரனைக் கூப்பிடலாம் என்றார். நான் தட்டச்சு இயந்திரத்துக்குத் திரும்பப் போவதென்று அதற்குள் முடிவாகியிருந்தது. கதவோரம் நின்றிருந்த பெனிஷ் குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"முரசுக்காரன் வேண்டாம். இந்தம்மாதான் வேணும். என் பக்கத்துல நிக்கட்டும்."

"போன தடவை அவ்வளவு தப்பு நடந்துச்சே," என்றார் டாக்டர்.

பெனிஷ் என்னைப் பார்த்தார். அவர் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "பழகிட்டோம்," என்றார். அவ்வளவுதான் வந்தது.

அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தட்டச்சு இயந்திரத்துக்குத் திரும்பவும் எனக்கு மனமில்லை. சரி என்றேன். அவருடைய வலதுபுறம் நிற்பேன், அங்கிருந்து யாரும் என்னை நகர்த்தக் கூடாது என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். டாக்டர் ஏன் என்று கேட்டார். குளிர், அந்தப் பக்கம் அடுப்பு இருக்கிறது என்றேன்.

முதல் நாள் நான்காவது மாலுமி வரைக்கும் நன்றாகவே போயிற்று. ஐந்தாவதுக்குச் சுருளைப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தபோது, கூரைக் கண்ணாடியில் தேங்கியிருந்த பனி உருகி மேஜை மேல் ஒழுக ஆரம்பித்தது. நனைந்த மேஜை முன்பு பிடித்த நான்கோடு பொருந்தாது. பெனிஷ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒரு வாளியைக் கொண்டு வந்து வைத்தேன். நாளைக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.